கும்பகோணத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு: முதலில் ஒரு காலண்டர் வாங்குங்கள்

கும்பகோணத்துக்கு மாற்றலாகி வருகிறவர்கள் போன் செய்து கேட்கிற முதல் கேள்வி "வாடகை எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று வாங்கி வாசல் பக்கத்தில் மாட்டுங்கள் என்பேன். என்றைக்கு முகூர்த்தம், எப்போது இராகு காலம், எந்தக் கோயிலில் புறப்பாடு என்று தெரிந்தவருக்கு இந்த ஊர் கைக்குள் அடங்கிவிடும். தெரியாதவர் கூகுள் மேப்பை நம்பி வண்டியை எடுத்தால் தேருக்கு எதிரில் போய் நிற்பார்.

நான் நின்றிருக்கிறேன். வந்த புதிதில் சாரங்கபாணி கோயில் தேர் ஓடுகிற வீதியில் ஒரு பழைய வீடு அமைந்தது. திண்ணை, ரேழி, முற்றம், பின்னால் கிணற்றோடு கொல்லை. வாடகையும் குறைவு. சந்தோஷமாகக் குடிபோனேன். சித்திரையில் ஒரு நாள் காலை குடும்பத்தோடு காரில் சென்னைக்குக் கிளம்பலாமென்று கதவைத் திறந்தால் தெரு முழுக்கத் தலை. தேர் வருகிறது என்று மின்கம்பிகளைக் கழற்றிவிட்டதால் வீட்டில் மின்சாரமும் இல்லை. எதிர்வீட்டு மாமி திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "நேத்திக்கே வண்டிய வெளில கொண்டு விட்டிருக்கணுமோன்னோ? காலண்டர் பாக்கலையா நீங்க?" அன்று சாயந்திரம்தான் கிளம்ப முடிந்தது. ஆனால் அந்தத் தேரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் அன்றைக்குத்தான். வடத்தை இழுக்கும்போது வீட்டுத் தரை அதிர்ந்தது காலில் தெரிந்தது.

முதல் ஞாயிறு: விடியற்காலையில் ஒரு நடை

சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே ஊரை ஒருமுறை காலால் அளந்துவிடுங்கள். ஊர் சின்னதுதான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.4 இலட்சம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, இரண்டுக்கும் நடுவில்தான் பழைய நகரம். இந்த இரண்டு ஆற்றையும் மனதில் கோடு போட்டுக்கொண்டால் வழி தவறவே தவறாது.

இங்கே யாரும் இடது, வலது என்று வழி சொல்ல மாட்டார்கள். பூக்கடையில் கேட்டால், "நேரா மேற்கால போயி, கோயில் முகப்புல தெக்கால திரும்புங்க தம்பி" என்பார்கள். கீழ வீதி என்றால் கோயிலுக்குக் கிழக்கில், மேல வீதி என்றால் மேற்கில். சூரியனைப் பார்த்துத் திசை சொல்கிற பழக்கம் ஒரு மாதத்தில் நமக்கும் வந்துவிடும்.

ரயில் நிலையமும் புறநகர்ப் பேருந்து நிலையமும் ஊருக்குக் கிழக்கே, நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஆறு மணிக்கெல்லாம் கிளம்புங்கள். முதலில் வருவது மகாமகக் குளம். ஆறு ஏக்கருக்கும் மேலான குளம், சுற்றிலும் 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டுவித்தவை. வடகரையில் காசி விசுவநாதர் கோயில். காலையில் படிக்கட்டில் நடைப்பயிற்சிக்காரர்கள், மண்டபத்துக்குள் செய்தித்தாளோடு பெரியவர்கள். அந்த நேரத்தில் அது வீட்டு முற்றம் மாதிரிதான் இருக்கும்.

அங்கிருந்து நாகேஸ்வரன் கோயில். நேரமில்லை, ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊரில் இதைவிட உயரமான கோபுரம் உண்டு, இதைவிடக் கூட்டம் கூடுகிற சன்னிதியும் உண்டு. ஆனால் கருவறையின் வெளிச்சுவரில், கோஷ்டங்கள் எனும் சுவர் மாடங்களிலும் அவற்றுக்குப் பக்கத்திலும் நிற்கிற முற்காலச் சோழச் சிற்பங்கள் வேறு ரகம். கிட்டத்தட்ட ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆணும் பெண்ணும், இடுப்பை லேசாக ஒடித்து, இப்போதுதான் பேச்சை நிறுத்தியவர்கள் போல நிற்கிறார்கள். தெய்வமா, அரச குடும்பத்தாரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலைச் சூரிய ஒளி நேராக லிங்கத்தின் மேல் விழும். அந்த மூன்று நாளும் சிற்பம் பார்க்க இடம் கிடைக்காது, வேறு நாளில் போங்கள்.

அடுத்தது சாரங்கபாணி கோயில். பதினொரு நிலைக் கோபுரம், சுமார் 150 அடி உயரம். கருவறையே சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவம். உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு வழிகள். தை முதல் நாள் ஒன்று மூடி மற்றொன்று திறக்கும். காலண்டர் பற்றி நான் சொன்னது விளையாட்டில்லை, இந்த ஊரில் கதவுகூட அதைப் பார்த்துத்தான் திறக்கிறது.

கோயிலுக்கு எதிரே நீளுகிற சன்னிதித் தெருவில் ஓட்டு வீடு ஒன்று. கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. அவர் பிறந்தது 1887இல் ஈரோட்டில், ஆனால் பள்ளியும் கல்லூரியும் இந்த ஊர்தான். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வீட்டை வாங்கி நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. உள்ளே போனால் தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் ஓரமாக ஒரு கட்டில். அவ்வளவுதான். எதையும் ஜோடித்து வைக்கவில்லை, அதுவே நன்றாக இருக்கிறது. அவர் படித்த டவுன் பள்ளி இன்னும் நடக்கிறது. சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்த அரசுக் கல்லூரி காவிரியின் மறுகரையில். 1854இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு.

அப்படியே பொற்றாமரைக் குளத்தைத் தாண்டினால் ஆதி கும்பேஸ்வரர் கோயில். நுழைவில் இருபுறமும் கடைகள் அடைத்த நீண்ட மண்டபம், குங்குமத்திலிருந்து பித்தளை உருளி வரை எல்லாம் உண்டு. ஊருக்குப் பெயர் தந்த கதையும் இந்தக் கோயிலுடையதுதான்: பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடத்தைச் சிவன் அம்பால் உடைத்தார், அது தங்கிய இடம் இது என்பது புராணம். தேவாரத்தில் இந்த ஊர் குடமூக்கு, ஆழ்வார் பாசுரத்தில் குடந்தை. சுற்றுக் கிராமத்துக்காரர்கள் வாயில் கும்மோணம்.

கால் வலிக்காதவர்கள் தெற்கே ராமசாமி கோயிலுக்கு ஒரு எட்டுப் போகலாம். இரகுநாத நாயக்கர் காலத்துக் கோயில், பிரகாரச் சுவர் முழுக்க இராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. அங்கிருந்து வடக்கே சக்கரபாணி கோயில் வரைக்கும் போகிற கடைவீதியும் நாயக்கர் காலத்து ஏற்பாடுதான். சக்கரபாணியைத் தாண்டினால் காவிரிப் படித்துறை. உட்கார்ந்து காலை நீட்டுங்கள். கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு மேல் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும், அதனால் பத்தரைக்குள் இந்தச் சுற்றை முடித்துவிடுவது நல்லது.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

கோயிலைச் சுற்றிய தெருக்களில் பழைய வீடுகள் இன்னும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கோடையில் முற்றம் தருகிற குளிர்ச்சிக்கு ஈடே இல்லை. ஆனால் கார் நிறுத்த இடம் இருக்காது, பெரும்பாலான வீடுகள் பத்தடி அகலமும் தெருவுக்குத் தெரு நீளமுமாக இருக்கும். கார் வைத்திருப்பவர்கள் செட்டிமண்டபம், தாராசுரம், மேலக்காவேரி, புறவழிச்சாலைப் பக்கம் பார்க்கலாம். சுவாமி புறப்பாடு எந்தெந்த நாளில் இந்தத் தெருவழியாக வரும் என்பதை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் யோசிக்காமல் பட்டியல் சொன்னால் நீங்கள் பார்ப்பது தேர் வீதி வீடு.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்பதுதான் சட்டம் சொல்கிற அளவு. இருவரும் ஒப்புக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது தனி. நடைமுறையில் அதிகம் கேட்பார்கள், பேசிப் பாருங்கள். பேச்சில் இறங்கி வருகிற ஊர்தான் இது.

கொசுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆறு, எண்ணற்ற குளங்கள், வாய்க்கால்கள் உள்ள ஊரில் கொசு இல்லாமல் இருக்குமா? ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் இது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1925இல் பிறந்தது இங்கேதான். அவருடைய தந்தை டாக்டர் சாம்பசிவன் ஊர் மக்களைத் திரட்டிக் கொசு உற்பத்தியாகும் இடங்களை ஒழித்து அந்த நோயை மட்டுப்படுத்தினார். நோய் போய்விட்டது, கொசு போகவில்லை. ஜன்னல்களுக்கு வலை அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

காகித வேலைகள்

ஊர் அளவில் சின்னதென்றாலும் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. 1866இல் நகராட்சியாகி, 2021இல் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது, 48 வார்டுகள். முதல் மேயராக 2022இல் வந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். ஆனால் மாவட்டத் தலைநகரம் தஞ்சாவூர்தான். கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது, டீக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும்.

எதற்கு எங்கே போவது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை, பிறப்பு இறப்புச் சான்று எல்லாம் மாநகராட்சி. குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பெயரை 12 மாதத்துக்குள் சேர்த்துவிட்டால் கட்டணமில்லை. வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வட்டாட்சியர் அலுவலகம் வழியாக நகரும். அதற்கு மேல் போகவேண்டிய வருவாய் விவகாரங்களுக்குச் சார் ஆட்சியர் அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. ஆட்சியரிடம் நேரில் மனு கொடுக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தஞ்சாவூர் போக வேண்டும். அதற்கு முன் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிந்து பாருங்கள், அலைச்சல் மிச்சமாகும்.

குடும்ப அட்டையின் முகவரியை இணையத்திலேயே மாற்றலாம். மாற்றினால்தான் உங்கள் தெருக் கடையில் பெயர் ஏறும், இதைத் தள்ளிப்போட வேண்டாம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற படிவம் 8. மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே வீட்டைப் பிரித்து இரண்டு குடித்தனம் வைத்திருந்தால் மீட்டர் தனித்தனியா என்று முதலிலேயே கேளுங்கள். ஒரே மீட்டரென்றால் அந்த நூறு யூனிட் யாருக்கு என்ற சண்டை கட்டாயம் வரும்.

வண்டி எண் இங்கே டிஎன் 68. வெளிமாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். வங்கி விஷயத்தில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு: 1904இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி, தலைமையகம் இன்னும் இங்கேதான்.

மருத்துவத்துக்கு வந்தால், தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி இருப்பதால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை கும்பகோணத்துக்கு அமைந்தது. பிரசவம், விபத்து, நாய்க்கடி என்றால் தயங்காமல் அங்கே போகலாம். பெரிய சிகிச்சைகளுக்குத் தஞ்சாவூர் அனுப்புவார்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்துக்கு முன் கட்டடத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று இந்த ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாலக்கரையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர்கள் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். தீயணைப்புச் சான்று எங்கே, இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டால் இந்த ஊரில் எந்தப் பள்ளியும் முகம் சுளிக்காது, சுளிக்கவும் கூடாது.

போக்குவரத்து

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத் தலைமையகம் இங்கே. சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வது அதைத்தான். அதனால் பேருந்துக்குப் பஞ்சமில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ரயில் என்றால் விழுப்புரம், மயிலாடுதுறை வழியாக வருகிற பழைய மெயின் லைன். சென்னைக்கு இரவுப் பயணமென்றால் உழவன் எக்ஸ்பிரஸ், பகலுக்குச் சோழன் எக்ஸ்பிரஸ். விமானத்துக்குத் திருச்சி போக வேண்டும்.

சொந்த வண்டிக்காரர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. வளர்பிறை முகூர்த்த நாளில் ஊருக்குள் காரை எடுக்காதீர்கள். மண்டபத்துக்கு மண்டபம் சாலையோரம் வேன்கள் நிற்கும், பூ விலையும் ஏறியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு வரை இராகு காலம். அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்தில் இராகுவுக்குப் பாலபிஷேகம். மாநிலம் முழுவதிலுமிருந்து நவக்கிரகச் சுற்றுலா வண்டிகள் அங்கே குவியும். அந்தப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் சனிக்கிழமையே பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

சாப்பாடும் வெற்றிலையும்

நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பித்தளை டபராவை அடுக்கி வைத்துக் "கும்பகோணம் டிகிரி காபி" என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தக் காட்சியை எதிர்பார்த்து வராதீர்கள். ஊருக்குள் நல்ல காபி சின்ன ஓட்டல்களில், எவர்சில்வர் டபராவில்தான் வரும். தண்ணீர் கலக்காத பால், அப்போது இறக்கிய டிகாக்ஷன், இரண்டாம் முறை சூடுபண்ணாத நுரை. இவ்வளவுதான் ரகசியம். டிகிரி என்ற பெயர் பாலை லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்த்து வாங்கியதால் வந்தது என்றும், சிக்கரி என்பது மருவி வந்தது என்றும் சொல்வார்கள். நான் பால் கட்சிதான்.

காபியைவிட நான் அதிகம் பரிந்துரைப்பது கடப்பா. ஆந்திரத்துக் கடப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவான ஒன்று. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உதிர்த்துச் சேர்ப்பார்கள். தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை, சோம்பு, கொஞ்சம் கசகசா அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிவார்கள். மிளகாய்த்தூள் கிடையாது, மஞ்சளாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழிய வேண்டும். பல ஓட்டல்களில் தினமும் போட மாட்டார்கள். உங்கள் தெரு ஓட்டலில் எந்தக் கிழமை என்று கேட்டு, அதையும் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒன்பது மணிக்குமேல் போனால் சட்னிதான்.

வெற்றிலை போடாதவராக இருந்தாலும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரி வண்டலில், பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை பக்கத்துக் கொடிக்கால்களில் விளைவது. கடையில் ஈர வாழைச்சருகு விரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். கவுளி என்றால் நூறு. "கொழுந்தா, முத்தலா?" என்று கேட்பார், புதியவர் கொழுந்து என்று சொல்லுங்கள். காம்பைக் கிள்ளி, நரம்பை நகத்தால் இழுத்து, சுண்ணாம்பு மிளகளவு தடவி, சீவலோடு மடித்துத் தருவார். முதல் கடியில் லேசான காரம், பிறகு ஒரு குளிர்ச்சி. புகையிலை கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காய்கறிக்குத் தாராசுரம் மார்க்கெட். மொத்த வியாபாரம், விடியற்காலையில் போனால் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

சுற்றுவட்டாரத்துக் கைகள்

விருந்தினர் வந்தால் எல்லாரையும் நவக்கிரகச் சுற்றுக்கே அனுப்புவார்கள். நான் சுவாமிமலைக்குக் கூட்டிப்போவேன். அறுபடையில் நான்காவது, அறுபது படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்கினால், கீழே ஸ்தபதிகளின் பட்டறைகள். சிலையின் அளவுகளைத் தென்னை ஓலையில் நறுக்கி மடித்துக் குறிக்கிறார்கள், டேப் எடுப்பதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருக்கி உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெலிதாகப் பூசிக் காயவைக்கிறார்கள். அந்த மண் அவ்வளவு நைசு. கண் இமையின் கோடுகூட அதில் பதியும். பிறகு சூடுபடுத்தி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். உளி வைத்துக் கண் திறக்கிற வேலை நாள்கணக்கில் போகும். பட்டறைகளில் பார்க்க விடுவார்கள், ஊற்றுகிற நாளில் மட்டும் தள்ளி நில்லுங்கள்.

விளக்கு வாங்க நாச்சியார்கோயில், பட்டு வாங்கத் திருபுவனம். திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையை முதலில் பார்த்து விலையையும் நெசவையும் தெரிந்துகொண்டு, அப்புறம் தனியார் கடைக்குப் போனால் ஏமாற மாட்டீர்கள். கும்பகோணத்துப் பட்டுத் தொழிலில் சௌராஷ்டிர நெசவாளர்களுக்குப் பெரிய பங்கு. சரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதிய எம்.வி. வெங்கட்ராம் அந்தச் சமூகத்தவர்தான். ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா. என்று தமிழ் நவீன எழுத்தின் தொடக்கத்திலேயே இந்த ஊர் இருக்கிறது.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலை மட்டும் மாலையில் பாருங்கள். இரண்டாம் இராஜராஜன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேற்கு வெயில் சாய்கிறபோது விரல் உயரச் சிற்பங்களும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். நாயன்மார் அறுபத்து மூவர் கதையும் சின்னச் சின்னப் பலகைகளில் இருக்கிறது.

ஆண்டு முழுக்க

தொல்லை தருகிற அதே காலண்டர்தான் இந்த ஊரில் இலவசக் கச்சேரி நிகழ்ச்சிநிரலும். அட்சய திருதியையன்று பெரிய தெருவில் பன்னிரண்டு பெருமாள்கள் ஒரே வரிசையில் கருடன்மேல் வந்து நிற்பார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில நாட்களில் காவிரியில் தண்ணீர் வரும். அதுவரை மணலாகக் கிடந்த ஆற்றைப் பார்க்கப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஊரே நிற்கும். ஆடிப்பெருக்கன்று படித்துறைக்குக் காதோலை, கருகமணி, காப்பரிசியோடு பெண்கள் வருவார்கள். கார்த்திகை அமாவாசையில் திருவிசநல்லூரில் ஸ்ரீதர ஐயாவாள் வீட்டுக் கிணற்றில் கங்கை வந்ததாக நம்பி ஆயிரக்கணக்கானோர் குளிப்பார்கள். கோவிந்தபுரம், திருவிசநல்லூர், மருதாநல்லூர் மூன்றும் நாமசங்கீர்த்தன பஜனையின் தாய்வீடுகள். மூன்றும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே. மார்கழியிலும் பங்குனியிலும் நாச்சியார்கோயில் கல்கருடன் புறப்பாடு: சன்னிதியிலிருந்து நான்கு பேர் தூக்கத் தொடங்கி, எட்டு, பதினாறு என்று தோள்கள் கூடிக்கொண்டே போகும்.

மாசி மகம் ஆண்டுதோறும் வரும். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை வருவது மகாமகம். 1992இல் நெரிசலில் சுமார் 50 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் 2004, 2016 இரண்டிலும் ஒருவழிப் பாதை, தடுப்பு என்று கட்டுப்பாடுகள் பலமாக இருந்தன. அடுத்தது 2028. ஊர்க்காரர்கள் தீர்த்தவாரி நாளன்று குளத்துப் பக்கமே போக மாட்டார்கள். கொடியேறிய பிறகு வருகிற ஏதாவது ஒரு நாள் விடியற்காலையில் முழுகிவிட்டு, மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் மோர்ப் பானை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்வதே நல்லது. பால், காய்கறி, மருந்து மூன்றையும் பத்து நாளைக்கு முன்பே வாங்கி வையுங்கள், உங்கள் தெருவுக்குள் வண்டி வர அனுமதிச் சீட்டு தருகிறார்களா என்று மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் விசாரியுங்கள்.

விருந்தினர் எத்தனை பேர் என்று மட்டும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். பத்து வருஷமாகப் பேசாதிருந்த என் ஒன்றுவிட்ட மச்சான் போன வாரம் போன் செய்து, சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் கேட்டார்: "அப்புறம் மாப்ளே, 2028 மாசிக்கு உங்க வீட்டு மாடி காலியாத்தானே இருக்கும்?"